தோற்றவர்க்கு முதலுரிமை

வென்றவனுக்கு மாலை, தோற்றவனுக்கு ஏளனம்! பந்தயத்தின் சட்டம் இதுதான் என்று நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஓட்டப் பந்தயமானாலும் சரி, பள்ளித் தேர்வின் பட்டியலானாலும் சரி, கடைத்தெருவின் வாணிபமானாலும் சரி, முந்தியவன் அள்ளிக்கொண்டது போக மிச்சம் இருந்தால் பிந்தியவன் பொறுக்கிக்கொள்ளலாம். மிச்சம் இல்லையேல், 'எல்லாம் உன் தலையெழுத்து' என்று ஆறுதல் கூறி அனுப்பிவிடுவர்.

இந்தச் சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருக்கும் பந்தயம் ஒன்று உண்டு. அங்கே, தோற்றவர் வரிசையில் கடைசியில் நிற்பவருக்கே, அடுத்த ஆண்டுக்கான ஆளைப் பொறுக்கி எடுப்பதில் முன்னுரிமை. இது நடப்பது பொதுவுடைமை பேசும் நாட்டில் அன்று. பணத்தையே பரம்பொருளாகக் கொண்டாடும் அமெரிக்காவில்!

என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கக் கூடைப்பந்துப் போட்டியில் 30 அணிகள் ஆடுகின்றன. கல்லூரிகளிலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் வரும் புதிய ஆட்டக்காரர்களை, ஆண்டுதோறும் 'டிராப்ட்' என்னும் ஆள்தேர்வின் வாயிலாக, அவை வரிசையாகத் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன. ஏலம் கூறுவதில்லை, விலை உயர்த்துவதில்லை, வரிசை ஒன்றே வழி. அந்த வரிசையின் தலைப்பகுதியில் நிற்பவை, அவ்வாண்டு அடிபட்டு, மிதிபட்டு, அடித்தட்டில் கிடந்த அணிகள். வாகை சூடிய அணிகள் வரிசையின் வாலில் நிற்கின்றன.

1955-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், நம் ஆவடியிலே கூடிய காங்கிரசு மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானம் இயற்றிற்று. ஆவடி என்ற பெயர் அன்று நாடெங்கும் ஒலித்தது. ஆனால், மெலிந்தவனுக்கு முதலிடம் என்ற விதி, அந்தத் தீர்மானத்திற்கு எட்டாண்டுகள் முன்னதாக, 1947-ஆம் ஆண்டிலேயே, அமெரிக்க முதலாளிகளின் ஆடுகளத்திலே நடைமுறைக்கு வந்துவிட்டது. வேடிக்கைதான்! கருணையால் அவர்கள் அதைச் செய்யவில்லை, கணக்கால் செய்தார்கள். ஒரே அணி நாளும் வென்றுகொண்டிருந்தால், ஆட்டத்தில் சுவை குன்றும். அரங்கில் கூட்டம் குறையும். கல்லாவில் காசு விழாது. புதிய ஆளுக்காகப் போட்டியிட்டு ஊதியத்தை உயர்த்தும் தொல்லையும் இல்லை. தன்னலக் கணக்கேயாயினும், அந்தக் கணக்கின் விடை நமக்கு ஓர் உண்மையைக் கூறுகிறது: மெலிந்தவனை மெலிந்தவனாகவே விட்டுவைத்தால், வலியவனுக்கும் நாளடைவில் வாழ்வில்லை.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும், சூன் திங்களில் ஒரு நாள், பொழுது புலரும் 5.30 மணிக்குக் கைபேசியும் கையுமாக அமர்ந்திருக்கும் மாணவர் சிலரை நாம் அறிவோம். நியூயார்க்கிலே அப்போது முந்திய நாளின் முன்னிரவு 8 மணி; ஆள்தேர்வு தொடங்கும் நேரம். தம் மனத்துக்குகந்த அணிக்கு எவன் வருவான், அவன் உயரம் என்ன, எத்தனை அடி தொலைவிலிருந்து குறி தவறாமல் எறிவான் என்பதெல்லாம் அந்த மாணவர்க்கு விரல்நுனியில் பாடம். 'ஊரும் பேரும் தெரியாத அணிக்காக ஏனடா உறக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறாய்?' என்று வீட்டார் கடிந்துகொள்கின்றனர். நாம் கடிந்துகொள்ளப் போவதில்லை. எதிர்பார்ப்பு இளமையின் இயல்பு. எதையும் எதிர்பாராத இளைஞன், எண்ணெய் வற்றிய விளக்கு. ஆனால், யாரிடம் எதிர்பார்க்கிறோம், எதை எதிர்பார்க்கிறோம், எந்த உரிமையால் எதிர்பார்க்கிறோம் என்று கேட்க வேண்டாமா? எதையும் ஏன் என்று கேட்கப் பழகிய நாம், நம் உள்ளத்து ஆசையை மட்டும் கேள்வியின்றி விட்டுவிடலாமா?

முதலில், நம் கண்முன் உள்ள ஏலத்தைப் பார்ப்போம். கூடைப்பந்துக்கு விழித்திருப்போர் சிலர். கிரிக்கெட் ஏலத்திற்கு விழித்திருப்போர் பல்லாயிரவர். 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள், மும்பையில் நடைபெற்ற முதல் ஐ.பி.எல். ஏலத்தில், தோனியைச் சென்னை அணி 15 இலட்சம் டாலருக்கு, அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 6 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அன்று முதல், ஏல நாளும் ஒரு திருநாளாகிவிட்டது. 2025-ஆம் ஆண்டுப் போட்டியில் அதே சென்னை அணி, பத்து அணிகளில் பத்தாவதாக, தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்தில் நின்றது. அமெரிக்கக் கூடைப்பந்தாக இருந்திருந்தால், கடைசி இடத்தில் நின்றதன் பயனாக, முதல் ஆளைப் பெறும் வாய்ப்பு அதன் வாயிலுக்கு வந்திருக்கும். ஏலத்தில் அந்தச் சலுகை இல்லை. பணப்பையில் எவ்வளவு மிச்சம் என்பதே அங்கே பேச்சு. 2025 திசம்பரில் அபுதாபியில் நடைபெற்ற ஏலத்தில், இந்திய அணிக்கு ஒருமுறையும் ஆடியிராத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்னும் இரு இளைஞர்களை, ஆளுக்கு 14.20 கோடி ரூபாய் கொடுத்துச் சென்னை அணி எடுத்தது. மறுநாள் ஆவடி இரயில் வண்டியிலும் அம்பத்தூர்த் தேநீர்க் கடையிலும் பேச்சு என்ன? 'இத்தனை கோடி பெறுவானா?' என்பதே! மாட்டுச் சந்தையிலே பல்லைப் பிடித்துப் பார்த்து விலை மதிக்கும் பேச்சு, மனிதனைப் பற்றிய பேச்சாகிவிட்டது.

ஏலம், 'உன் விலை என்ன?' என்று கேட்கிறது. ஆள்தேர்வு, 'உன் தேவை யாருக்கு மிகுதி?' என்று கேட்கிறது. இரண்டாவது கேள்வியே அறத்திற்கு அண்மையில் நிற்கிறது என்பது நம் கருத்து. எனினும், நல்ல விதி ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் மனிதன் நல்லவனாகிவிடுவதில்லை. அந்த விதியின் நிழலிலே ரசிகனின் உள்ளத்தில் முளைக்கும் களைகளைக் காண்போம்.

முதற் களை: தன் அணி தோற்க வேண்டும் என்று விரும்பும் ஆசை.

கடைசி இடத்திற்கு முதலுரிமை என்றால், இடையிலே நிற்பவன் என்ன நினைப்பான்? 'எப்படியும் வெல்லப்போவதில்லை, இன்னும் நாலு ஆட்டம் தோற்றால் நல்ல ஆள் கிடைப்பான்' என்று நினைப்பான். ரசிகனும் அவ்வாறே கணக்கிடுவான். தன் அணி வென்ற இரவில் அவன் முகம் வாடும். தோற்ற இரவில் மலரும்! 1966 முதல் 1984 வரை, இரு பிரிவுகளின் கடைசி அணிகளுக்கிடையே நாணயம் சுண்டி முதலுரிமையைத் தீர்மானித்தனர். 1983-84 ஆட்டக்காலத்தில் ஹூஸ்டன் அணி வேண்டுமென்றே தோற்கிறது என்ற ஐயம் பரவிற்று. அதனால் 1985-இல் குலுக்கல் முறை புகுந்தது. 1990-இல் மெலிந்தவர்க்குக் குலுக்கலில் கூடுதல் வாய்ப்பு வழங்கப்பட்டது. அதையும் சிலர் பயன்படுத்தித் தோல்வியை வாணிபமாக்கவே, 2019-இல் மீண்டும் திருத்தினர்: கடைசி அணி ஒன்றுக்கே இருந்த 25 விழுக்காட்டு வாய்ப்பு நீங்கி, கடைசி மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 14 விழுக்காடு என்றாயிற்று.

இதில் நாம் கற்க வேண்டியது எது? மெலிந்தவர் போல் நடித்துச் சிலர் சலுகையைச் சுரண்டினர் என்பது உண்மை. அதைக் காட்டி, 'சலுகையே கூடாது, வலியவனே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளட்டும்' என்று கூறுவோர் அங்கேயும் இல்லாமலில்லை. ஆனால் விதியை வகுத்தவர்கள் அதைக் கொளுத்திவிடவில்லை, செப்பனிட்டார்கள். பொய்யாக மெலிந்தவனைக் கண்டுபிடிப்பதற்காக, மெய்யாக மெலிந்தவனைத் தண்டிக்கலாகாது. பயிருக்குள் களை இருந்தால் களையைப் பிடுங்குவதா, வயலைத் தரிசாகப் போடுவதா? விடை, உழவனுக்குத் தெரியும்.

ரசிகனுக்கு நாம் சொல்வது வேறு. தோல்வியை விரும்பாதே! தோற்றவனுக்கு உதவி உண்டு என்பது, எழுந்து நிற்பதற்காகத் தரப்படும் ஊன்றுகோல். ஊன்றுகோல் கிடைக்கும் என்பதற்காகக் காலை முறித்துக்கொள்பவனை அறிவாளி என்று யாரும் அழைப்பதில்லை. தன் அணியின் உழைப்பு வீணாகட்டும் என்று உள்ளூர வேண்டிக்கொள்பவன், அந்த அணியின் அன்பன் அல்லன். அதன் தோல்வியில் வட்டி எதிர்பார்க்கும் வணிகன்.

இரண்டாவது களை: அதிர்ஷ்டத்தின் மீது வைக்கும் பக்தி.

அந்தக் குலுக்கல் எப்படி நடைபெறுகிறது என்று பாருங்கள். 1 முதல் 14 வரை எண்ணிட்ட 14 பந்துகள் ஒரு பொறிக்குள் சுழல்கின்றன. நான்கு பந்துகள் வெளியே எடுக்கப்படுகின்றன. பதினான்கிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 1,001. மேனிலைப் பள்ளிக் கணக்குப் பாடத்தில் உள்ள எளிய செய்தி. ஒன்றை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய 1,000 சேர்க்கைகளை, நிலைமைக்கேற்ப 14 அணிகளுக்கும் பங்கிட்டிருக்கிறார்கள். 2025 மே 12-ஆம் நாள் நடைபெற்ற குலுக்கலில், 82 ஆட்டங்களில் 17 மட்டுமே வென்ற யூட்டா அணிக்கு 140 சேர்க்கைகள். 39 ஆட்டங்கள் வென்ற டல்லாஸ் அணிக்கு 18 சேர்க்கைகள். வென்றது டல்லாஸ்! கூப்பர் பிளாக் என்ற 18 அகவை இளைஞன் அந்த அணிக்குச் சென்றான். ஆண்டெல்லாம் அடிபட்ட யூட்டா ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது.

'பார்த்தாயா, விதி!' என்றனர் சிலர். 'பார்த்தாயா, சதி!' என்றனர் வேறு சிலர். நாம் இரண்டையும் ஏற்பதற்கில்லை. ஆயிரத்தில் பதினெட்டு என்றால், ஏறத்தாழ ஐம்பத்தைந்து முறை குலுக்கினால் ஒரு முறை நேரக்கூடியது என்று பொருள். நேரக்கூடியது நேர்ந்தது, அதற்கு மேல் அதில் தெய்வமும் இல்லை, தேவதையும் இல்லை. சதி என்போரும் சான்று காட்ட வேண்டும். 1985-இல், நியூயார்க் அணிக்கு முதலிடம் விழுந்தபோது, உறை ஒன்றைக் குளிரவைத்து அடையாளம் வைத்தார்கள் என்று கிளம்பிய கதை இன்றளவும் உலவுகிறது, மெய்ப்பிக்கப்படவில்லை. மூடநம்பிக்கையை விட்டவன், மூட ஐயத்தையும் விட வேண்டும். ஆதாரமின்றி நம்புவதும் ஆதாரமின்றிப் பழிப்பதும் ஒரே மரத்தின் இரு கிளைகள்.

ஆனால் நம் இளைஞர் சிலர் செய்வதென்ன? அணி வென்ற நாளில் அணிந்திருந்த சட்டையைத் துவைக்காமல் வைத்திருக்கிறார்கள். எந்த நாற்காலியில் அமர்ந்தால் அணி வெல்லும் என்று 'ராசி' பார்க்கிறார்கள். கோயில் வாசலில் எதைக் கைவிட்டார்களோ, அதைத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே கைப்பற்றிக்கொள்கிறார்கள்! 2003-ஆம் ஆண்டில் பரிசுச் சீட்டுக்குத் தடை விதித்த மாநிலம் நம்முடையது. எத்தனையோ குடும்பங்களின் கூலிப் பணம் நாளைய அதிர்ஷ்டத்தை நம்பி இன்று கரைந்ததைக் கண்ட ஊர்கள் நம்முடையவை. அந்த ஊர்களின் பிள்ளைகள், நிகழ்தகவு என்னும் கணக்கைக் கற்ற பின்னும், அதற்கு மாலை போட்டு வணங்குவது முறையா?

மூன்றாவது களை மிகக் கொடியது. தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞனை நமக்குக் கடன்பட்டவனாக எண்ணும் ஆசை.

சத்னாம் சிங் பமராவின் கதையைக் கேளுங்கள். பஞ்சாபில், பர்னாலா மாவட்டத்தில், பல்லோ கே என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்திலே பிறந்தவர். உயரம் 7 அடி 2 அங்குலம். லூதியானா கூடைப்பந்துப் பயிற்சிக்கூடத்தில் ஆடப் பழகி, 2010-இல் பிளாரிடாவுக்குச் சென்று பயின்றார். 2015 சூன் 25-ஆம் நாள், டல்லாஸ் அணி அவரை 52-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்தவர் ஒருவர் அந்த ஆள்தேர்விலே இடம்பெற்றது அதுவே முதல் முறை. அகவை பத்தொன்பது! ஏடுகள் கொண்டாடின, நூற்றிருபது கோடி மக்களின் நம்பிக்கை என்று எழுதின. நூற்றிருபது கோடியைத் தாங்கும் தோள் எந்தப் பத்தொன்பது அகவை இளைஞனுக்கு உண்டு? முதன்மைப் போட்டியின் ஆட்டம் ஒன்றில்கூட அவர் களம் இறங்கவில்லை. இளநிலைப் போட்டியில் சில காலம் ஆடினார். பின்னர் மற்போர்க் காட்சி மேடைக்குச் சென்றார். நேற்றுப் புகழ்ந்த வாய்கள் இன்று, 'ஏமாற்றிவிட்டான்' என்றன.

யாரை ஏமாற்றினார்? எந்த ஒப்பந்தத்தை மீறினார்? அவர் உழைத்து ஈட்டிய இடம் அது. நாம் அவருக்கு ஒரு பந்து வாங்கித் தந்தோமா? பசித்தபோது ஒரு வேளை உணவளித்தோமா? ஒன்றும் கொடாதவன், கொடுத்தவன் போலக் கணக்குக் கேட்கிறான்! ரசிகன் பக்தனாகும்போது நேரும் விபரீதம் இது. பக்தன் முதலில் சிலை செய்வான். வரம் கிடைக்காவிட்டால் சிலையைத் திட்டுவான். மனிதனைச் சிலையாக்காதவனுக்கு, மனிதனைத் திட்டும் தேவையும் எழாது.

மேலும், தேர்வின் வரிசை எண் மனிதனின் மதிப்பெண் அன்று. 2013-இல் முதலாமவராக எடுக்கப்பட்ட அந்தோணி பென்னட், நான்கே ஆட்டக்காலங்களில் அந்தப் போட்டியைவிட்டு விலக நேர்ந்தது. அதற்கு அடுத்த ஆண்டில், 41-ஆவதாக எடுக்கப்பட்ட செர்பிய நாட்டு நிகோலா யோக்கிச், 2021, 2022, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளில் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டார். 2023-இல் தன் டென்வர் அணிக்குக் கோப்பையையும் பெற்றுத் தந்தார். பொறுக்கி எடுப்பதையே தொழிலாகக் கொண்ட வல்லுநர்கள் நாற்பது முறை அவரைக் கடந்து சென்றனர்! பதினெட்டு அகவையில் ஒருவனைப் பார்த்து, 'இவன் இவ்வளவுதான்' என்று முத்திரை குத்துவது எவ்வளவு பெரிய அறியாமை! கடைசி வரிசை மாணவனைப் பார்த்துத் தலையெழுத்தைப் படித்துவிட்டதாக எண்ணும் ஆசிரியர்கள், யோக்கிச்சின் எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆசிரியர் கூட்டத்தைச் சேர்ந்த நமக்கும் இது பொருந்தும்.

தேர்ந்தெடுக்கப்படுபவனுக்கும் ஓர் உரிமை இருக்க வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. ஆசிரியர்களுக்குக் கலந்தாய்வு நடைபெறுகிறது. காலியிடங்களின் பட்டியலைப் பார்த்து, எந்த ஊர் என்று ஆசிரியர் தேர்ந்தெடுக்கிறார். அமெரிக்க ஆள்தேர்விலோ, ஊர்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. பள்ளிப் படிப்பு முடிந்து நான்காண்டுகள் கழியாமல் ஒருவனும் வரக்கூடாது என்ற விதியை எதிர்த்து, மிசிசிப்பியின் பருத்தி வயலிலே உழைத்த குடும்பத்தில் பிறந்த ஸ்பென்சர் ஹேவுட் என்ற கறுப்பின இளைஞர், 1971-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் வரை சென்றார்; அவர் பக்கம் தீர்ப்பு நின்றது. வறுமையில் வாடும் வீட்டுப் பிள்ளை, உழைத்துச் சம்பாதிக்க நான்காண்டுகள் காத்திருக்க வேண்டுமென்பது அறமாகாது என்ற எண்ணம் அதன் பின் வேரூன்றிற்று. மெலிந்த அணிக்கு உதவும் விதி, மெலிந்த மனிதனை நசுக்குமாயின், அதையும் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

இத்தனை களைகளையும் பிடுங்கிய பின் எஞ்சி நிற்கும் கேள்வி ஒன்று. அதுவே வேர்க்கேள்வி. குலுக்கல் நேர்மையானதாக இருக்கலாம். வரிசை மெலிந்தவர்க்குச் சார்பானதாக இருக்கலாம். ஆனால், குடத்துக்குள் யார் பெயர் இருக்கிறது?

குடவோலை முறையைப் பற்றிப் பாடநூலில் படித்திருக்கிறோம். உத்திரமேரூரில், பத்தாம் நூற்றாண்டில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு அந்த முறையை விரித்துரைக்கிறது. ஓலைகளில் பெயர் எழுதி, குடத்திலிட்டுக் குலுக்கி, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். எவ்வளவு நேர்மை! சிறுவனுக்குச் சூது தெரியாது. ஆனால், குடத்துக்குள் ஓலை விழுவதற்கு என்ன தகுதி? வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். அந்த நிலத்தில் சேறு மிதித்தவன் பெயர் குடத்தில் இல்லை. குலுக்கியவன் கையில் குற்றமில்லை. குடத்தின் வாயில்தான் குற்றம்!

அமெரிக்காவிலும் அவ்வாறே இருந்தது. 1947-இலும், 1948-இலும், 1949-இலும் ஆள்தேர்வு நடைபெற்றது. கறுப்பினத்தார் ஒருவர் பெயர்கூட அழைக்கப்படவில்லை. அவர்கள் ஆடவில்லையா? ஆடினார்கள். திறமை இல்லையா? இருந்தது. 1950-இல் பாஸ்டன் அணி, சக் கூப்பர் என்பாரை இரண்டாவது சுற்றில் அழைத்தது. அன்றுதான் அந்தக் குடத்தின் வாய் சற்றே விரிந்தது. அதே ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், ஏர்ல் லாயிட் என்பார் களத்தில் கால் வைத்த முதல் கறுப்பின ஆட்டக்காரரானார். அதன் பிறகு அந்த ஆட்டத்தின் முகமே மாறியதை உலகம் அறியும். 'தகுதி போய்விடும்' என்று அஞ்சியவர்கள், தகுதி எங்கே அடைபட்டுக் கிடந்தது என்பதைக் கண்டு வாய் மூடினர்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இங்கே குடம் எப்படியிருக்கிறது?

கூடைப்பந்து நமக்குப் புதிய பொருளன்று. 1891 திசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்சுமித் என்னும் ஆசிரியர், குளிர்காலத்தில் அடங்காத மாணவர்களை ஆட்டுவிக்க ஒரு வழி தேடினார். பீச் பழக்கூடைகள் இரண்டைச் சுவரில் மாட்டினார். 13 விதிகள் எழுதினார். அதே பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பார், 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். நூறாண்டுகளுக்கு மேலாக இந்த ஆட்டத்துக்கும் நம் நகருக்கும் உறவு உண்டு. பெண்கள் ஆடத் தொடங்கியதும் அண்மையில் அன்று. 1893-லேயே அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆடினர். நம் சென்னையிலே பிறந்த அனிதா பால்துரை, இந்தியப் பெண்கள் அணியின் தலைவியாக விளங்கி, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் ஆடிய காலமெல்லாம், அவரை வரிசையில் அழைக்க நம் நாட்டில் நிலைத்ததோர் ஆள்தேர்வு இருந்ததா? இல்லை. திறமை இருந்தது; குடம் இல்லை.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகளைப் பாருங்கள். ஆவடியின் கனரகத் தொழிற்சாலையிலே 'விஜயந்தா' டாங்கிகள் உருவாயின. இரும்பை வளைக்கத் தெரிந்த கைகள், பற்றவைக்கத் தெரிந்த கைகள், கடைசல் பிடிக்கத் தெரிந்த கைகள் இவ்வூர்களில் தெருவுக்குப் பத்து உண்டு. கூடைப்பந்து வளையம் என்பது என்ன? 18 அங்குல விட்டமுள்ள ஓர் இரும்பு வட்டம், தரையிலிருந்து 10 அடி உயரத்தில் நிற்க வேண்டும், அவ்வளவே. டாங்கி செய்த ஊருக்கு ஒரு வட்டம் செய்ய முடியாதா? ஆயினும், அந்த வட்டத்தை ஒருமுறையும் அண்ணாந்து பார்க்காமலே பள்ளிப் படிப்பை முடித்துச் செல்லும் பிள்ளைகள் எத்தனை பேர்! விளையாட்டு வேளையைக் கணக்கு வாத்தியாரும் அறிவியல் வாத்தியாரும் கடன் வாங்கிக்கொள்கின்றனர், கடன் திரும்புவதில்லை. மைதானம் இருந்தால், ஆண்பிள்ளைகள் ஆட, பெண்பிள்ளைகள் சுவரோரம் நின்று பார்க்கின்றனர். அந்தச் சுவரோரத்தில் எத்தனை அனிதாக்கள் நின்று, பார்த்து, வீடு திரும்பினரோ!

ஆகவே, இளைஞர்களே, எதிர்பார்ப்பை விட்டுவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. அதன் திசையைத் திருப்புங்கள் என்கிறோம். எதிர்பார்ப்பு இருவகை. ஒன்று, வரவேண்டிய கடனுக்கு வாசலில் நிற்பவனின் எதிர்பார்ப்பு. வராவிட்டால் வசை பாடுவான். மற்றொன்று, விதைத்து நீர் பாய்ச்சியவனின் எதிர்பார்ப்பு. முளைக்காவிட்டால் மண்ணைக் கிளறிப் பார்த்து, மீண்டும் விதைப்பான். முதலாமவன் பிறர் உழைப்பில் தன் பெருமையைத் தேடுகிறான். இரண்டாமவன் தன் உழைப்பில் பிறர் பெருமையைக் காண விரும்புகிறான். நம்பிக்கை என்ற நல்ல பெயர் இரண்டாவதற்கே பொருந்தும்.

அமெரிக்க அணிக்கு எவன் வருவான் என்று விடியலில் விழித்திருங்கள், தவறில்லை. உலகெங்கும் உள்ள திறமையைக் கண்டு மகிழ்வது விரிந்த உள்ளத்தின் அடையாளம். ஆனால், அதே நாள் மாலையில் ஒரு மணி நேரம், உங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுங்கள். பட்டறையில் பணிபுரியும் அண்ணனிடம் ஒரு வளையம் கேளுங்கள். பள்ளித் தலைமையிடம் விளையாட்டு வேளையைத் திருப்பிக் கேளுங்கள். ஆட்களைப் பிரிக்கும்போது, இரு அணித்தலைவர்களும் முதலில் வலியவனையும் உயரமானவனையும் அழைத்து, கடைசியில் யாரும் அழையாத ஒருவன் தலை குனிந்து நிற்பான். அவனை முதலில் அழையுங்கள். சுவரோரம் நிற்கும் தங்கையை அவனுக்கும் முன்னதாக அழையுங்கள். பெரிய நாடுகளின் பெரிய அரங்குகளில் மெலிந்தவர்க்கு முதலிடம் கிடைப்பதைக் கண்டு கைதட்டியவர்கள், தம் தெரு மைதானத்தில் அதைச் செய்யத் தயங்கினால், அந்தக் கைதட்டலுக்குப் பொருளில்லை.

சத்னாம் சிங்கின் பெயர் 52-ஆவதாகவேனும் அழைக்கப்பட்டது. ஏனெனில், பல்லோ கே என்னும் சிற்றூருக்கும் லூதியானாப் பயிற்சிக்கூடத்துக்கும் இடையே யாரோ ஒரு பாதை போட்டு வைத்திருந்தனர். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் அத்தகைய பாதையைப் போடுவது வானத்து விதியின் வேலை அன்று; குலுக்கல் பொறியின் வேலையும் அன்று. மண்வெட்டி நம் கையில்தான் இருக்கிறது. முதலில் குடத்தின் வாயை அகலமாக்குவோம். எல்லார் பெயரும் உள்ளே விழட்டும். அதன் பிறகு யார் பெயர் வெளியே வந்தாலும், அது நம் வெற்றி!